நம்ம ஊர் எந்தத் தொகுதி?
பண்ருட்டி, நெய்வேலி சட்டமன்றத் தொகுதிகளின் கதை



மலருக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை தரணும் என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டபோது ஒருத்தர் கைவைத்தியம் எடுத்தார், ஒருத்தர் கோலம், இன்னொருத்தர் பலாக்கொட்டையில் என்னென்ன செய்யலாம் என்று எழுதுகிறேன் என்றார். நான் நம்ம தொகுதியின் வரலாறு எழுதுகிறேன் என்றேன். "அது ஆம்பளைங்க டீக்கடையில பேசற சங்கதி ஆச்சே" என்று ஓர் அக்கா சிரித்தார்.

நான் எந்தக் கட்சிக்காகவும் எழுதவில்லை. எல்லாக் கட்சிக்காரர் வீட்டுப் பெண்களும் நம்ம குழுக்களில் இருக்கிறார்கள். எனக்கு இந்த ஆசை வந்ததற்குக் காரணம் ஒரு மனு. அங்கன்வாடிக் கட்டடம் கேட்டு எம்.எல்.ஏ.வுக்கு மனு எழுத உட்கார்ந்தோம். "பெறுநர்" என்று எழுதி, சட்டமன்ற உறுப்பினர் என்றும் எழுதியாச்சு. எந்தத் தொகுதி என்று எழுதணுமே? பாதிப் பேர் "பண்ருட்டி" என்றார்கள், பாதிப் பேர் "நெய்வேலி" என்றார்கள். வயசான ஒருத்தர் "நெல்லிக்குப்பம்னுதானே எங்க காலத்துல சொல்லுவாங்க" என்றார். மூணு பேருமே ஏதோ ஒரு காலத்துக்குச் சரியாகத்தான் சொன்னார்கள். அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் பிறந்தது திருவதிகை. கெடிலம் ஆற்றங்கரை, வீரட்டானேஸ்வரர் கோயில் கோபுரம் தெரிகிற தெரு. வாக்கப்பட்டது அதே பண்ருட்டி வட்டத்தில், முந்திரிக்காட்டு ஓரம் ஒரு கிராமம். அம்மா வீட்டுக்கும் எனக்கும் தாலுகா ஆபீஸ் ஒன்று, சந்தை ஒன்று. சட்டமன்றத் தொகுதி மட்டும் வேறு. அம்மா பண்ருட்டித் தொகுதி, நான் நெய்வேலித் தொகுதி.

ராஜா காலத்தில்

தொகுதி, மாவட்டம் என்ற பேச்செல்லாம் வருவதற்கு முன்னால் நம்ம பக்கத்துக்குத் திருமுனைப்பாடி நாடு என்று பெயர். அப்பரும் சுந்தரரும் பிறந்த நாடு. அப்பர் பிறந்த திருவாமூர் பண்ருட்டிக்குப் பக்கம்தான்.

திருவதிகையில் பிறந்த எனக்கு அப்பரை விட அவருடைய அக்கா திலகவதியார் மேல்தான் பிரியம் அதிகம். அப்பா அம்மா இறந்தார்கள். பேசி முடித்த மாப்பிள்ளை போரில் இறந்தார். தம்பிக்காக உயிர் வைத்திருந்த அந்த அம்மா, பிறகு திருவதிகைக்கு வந்து கோயிலில் அலகிட்டு, மெழுகி, தொண்டு செய்தார். சூலை நோயோடு வந்த தம்பியை அந்தச் சன்னிதியில் சேர்த்தவரும் அவர்தான். அதன் பிறகு பல்லவ ராஜா மனம் மாறி, இங்கே குணபரவீச்சரம் என்று ஒரு கோயில் கட்டினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. ராஜா மனசு ஒரு பக்கம் இருந்தால் சனங்களுக்குத் துன்பம், இன்னொரு பக்கம் திரும்பினால் நிம்மதி. அவரை மாற்றுகிற உரிமை ஊருக்குக் கிடையாது.

சோழர் காலத்தில் குடவோலை முறை இருந்ததாகப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். உத்திரமேரூர்க் கல்வெட்டு அதைச் சொல்கிறது. ஆனால் நிலமும் சொந்த வீடும் வேதப் படிப்பும் இருக்கிற ஆண்களின் பெயர்தான் அந்தக் குடத்துக்குள் போகும். பெண்ணின் பெயர் எழுதின ஓலை அதில் விழவில்லை.

பிறகு சண்டைக்காலம். வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடித்துக்கொண்டபோது 1750-ல் திருவதிகைக் கோயிலே கோட்டையாகி, கை மாறியது. 1801-ல் ஆற்காடு நவாபின் சீமை கம்பெனி கைக்குப் போய், நம்ம பக்கம் தென்னாற்காடு மாவட்டம் ஆனது. தலைநகர் கடலூர். அந்த மாவட்டம் பிரிந்தது 1993 செப்டம்பர் 30-ல்தான். அப்போது நமக்கு வைத்த பெயர் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம். 1997-ல் எல்லா மாவட்டத்துக்கும் தலைநகரின் பெயரே போதும் என்றார்கள், கடலூர் மாவட்டம் ஆனோம்.

சொத்து இருந்தால் ஓட்டு

சட்டசபைக்குத் தேர்தல் என்பது வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்தது. 1920 தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு இல்லை. 1921-ல் சென்னை மாகாண சட்டசபை, பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்று தீர்மானம் போட்டது. இந்தியாவிலேயே முதலில் இதைச் செய்த மாகாணம் நம்மதுதான். ஆனாலும் சொத்து, வரி என்று கணக்குப் பார்த்துத்தான் ஓட்டு. களை பறிக்கப் போகிற பெண்ணுக்கும், அவள் புருசனுக்கும்கூட அது கிடையாது.

1935 சட்டத்தின்படி 1937-ல் நடந்த தேர்தலில் சென்னை சட்டசபைக்கு 215 இடம். அதில் பெண்களுக்கென்று 8 இடம் ஒதுக்கினார்கள். அந்தத் தேர்தலில் உறுப்பினரானவர் நம்ம கடலூர் முதுநகர் அஞ்சலை அம்மாள். 1890-ல் பிறந்தவர். 1927-ல் சென்னையில் நீலன் சிலையை எடுக்கச் சொல்லிப் போராடி ஜெயிலுக்குப் போனவர். அவர் மகளும் அம்மாவோடு போராட்டத்துக்குப் போனாள். காந்தி அந்தப் பெண்ணுக்கு லீலாவதி என்று பெயர் வைத்தார். அஞ்சலை அம்மாளைத் தென்னாட்டு ஜான்சி ராணி என்று சொல்லுவார்கள். தீர்த்தாம்பாளையம் பக்கத்துக்கு வீராணம் ஏரித் தண்ணீரைக் கொண்டுவரப் பாடுபட்டதால், அந்த வாய்க்காலுக்கே அஞ்சலை வாய்க்கால் என்று பெயர். ஓட்டு வாங்கிப் போன பெண் ஊருக்குத் தண்ணி கொண்டுவந்தார். இதை நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லணும்.

எல்லாருக்கும் ஓட்டு

நாடு சுதந்திரம் அடைந்து, 1952-ல் முதல் பொதுத்தேர்தல். 21 வயசு ஆன எல்லாருக்கும் ஓட்டு. சொத்து வேண்டாம், படிப்பு வேண்டாம், ஆண் பெண் பேதம் இல்லை. அப்போது ஆந்திரப் பகுதியும் சேர்ந்த சென்னை ராஜ்ஜியம், சட்டசபைக்கு 375 இடம்.

அந்தப் பட்டியல் எடுக்கப் போனபோது நாட்டில் ஒரு கூத்து நடந்தது. வடக்கே பல மாநிலங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றார்கள். "இன்னாரோட பொண்டாட்டி", "இன்னாரோட அம்மா" என்றுதான் எழுதச் சொன்னார்கள். முதல் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், பெயர் இல்லாமல் பட்டியலில் இடம் இல்லை என்று கண்டிப்பாகச் சொன்னார். கடைசியில் சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இல்லாமலே போனார்கள். இதைப் படித்தபோது எனக்கு நம்ம குழு ஆரம்பித்த நாள் ஞாபகம் வந்தது. உறுப்பினர் பெயர் கேட்டால் "ஏழுமலை வீடு", "மணி அம்மா" என்றுதானே முதலில் வாயில் வந்தது? பாஸ் புத்தகத்தில் சொந்தப் பெயரைப் பார்த்துச் சிரித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

எங்க தெரு ஆயா ஒருத்தருக்கு எண்பத்தைந்துக்கு மேல் வயசு. அவர் முதல் ஓட்டு 1957-ல். "அப்ப இந்த முத்திரை, பொத்தான் எல்லாம் ஏதுடி? ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிப் பொட்டி. பொட்டி மேல சின்னம் ஒட்டியிருக்கும். நமக்குப் புடிச்ச பொட்டியில சீட்டப் போட்டுட்டு வர வேண்டியதுதான்" என்பார். அது உண்மைதான். 1952, 1957 இரண்டு தேர்தலும் அப்படித்தான் நடந்தது. 1962-ல்தான் ஒரே சீட்டில் எல்லாச் சின்னமும் அச்சடித்து முத்திரை குத்துகிற முறை வந்தது. 2001-ல் தமிழ்நாடு முழுக்க மெஷின் வந்தது. ஆயா பெட்டி, முத்திரை, பொத்தான் மூன்றையும் பார்த்தவர். "யாருக்குப் போட்டீங்க ஆயா?" என்றால் மட்டும் சொல்ல மாட்டார். "அது எனக்கும் சாமிக்கும்தான் தெரியும்" என்பார். ரகசிய வாக்குரிமையை இதைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

1952 தேர்தலில் தென்னாற்காட்டுக்கு இன்னொரு முக்கியம் உண்டு. கடலூர் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியார் ஆரம்பித்த தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடம் ஜெயித்தது. காங்கிரசுக்கு 375-ல் 152 தான் வந்தது, தனியாக ஆட்சி அமைக்க ஆள் போதவில்லை. அதனால் நம்ம மாவட்டத்துக் கட்சியின் பேச்சுக்குச் சென்னையில் மதிப்பு வந்தது. 1954-ல் காமராசர் முதலமைச்சரானபோது படையாட்சியார் மந்திரி ஆனார்.

ஆந்திரம் பிரிந்து, மொழிவாரி மாநிலம் வந்த பிறகு இடங்களின் எண்ணிக்கை மாறியது. 1957-ல் 205, 1962-ல் 206, 1967-ல் 234. அந்த 234 தான் இன்றைக்கும். எண்ணிக்கை அப்படியே நிற்கிறது, உள்ளே இருக்கிற கோடுகள்தான் நகர்கின்றன.

பூமிக்குள் இருந்து வந்த ஊர்

நெய்வேலி பெயரில் ஒரு தொகுதி வந்ததற்கு ஒரு கிணறுதான் ஆரம்பம். ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு வெட்டும்போது தண்ணியோடு கறுப்பாக ஏதோ வந்தது. 1930-களில் நடந்தது இது. அதுதான் பழுப்பு நிலக்கரி என்று பிறகு தெரிந்தது. அவர் தன் நிலத்தில் 620 ஏக்கரைத் தானமாகக் கொடுத்தார். 1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கத்தைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரியை எட்டினார்கள். 1962-ல் மின்சாரம் வந்தது.

சுரங்கம் என்றால் மேலே இருக்கிற மண்ணை மலை மலையாக எடுத்துக் கொட்டித்தான் அடியில் இருப்பதை எடுக்க முடியும். மேலே இருந்த கிராமங்கள் இடம் மாறின. புஞ்சை, முந்திரி, கோயில், சுடுகாடு எல்லாம் போய், புது இடத்தில் வீடு. ஒரு பக்கம் வட்டம் வட்டமாக மரம் வைத்து, அகலச் சாலை போட்டு, நகரியம் வளர்ந்தது. நாட்டின் பல பக்கத்திலிருந்தும் வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு வேலை, நியாயமான இழப்பீடு என்ற பேச்சு இல்லாமல் நம்ம பக்கம் எந்தத் தேர்தலும் நடப்பதில்லை. ஒரே ஓட்டுச்சீட்டில் நகரியத்தின் குவார்ட்டர்ஸும், வெளியே இருக்கிற கூரை வீடும் சேர்ந்து ஒரு ஆளை அனுப்பணும். நெய்வேலித் தொகுதியின் கஷ்டமும் இதுதான், பெருமையும் இதுதான்.

பண்ருட்டியின் பெயர் ஒட்டிய மனிதர்

பண்ருட்டித் தொகுதி என்றாலே பெரியவர்கள் சொல்லும் பெயர் எஸ். ராமச்சந்திரன். எஞ்சினியர் படிப்புப் படித்தவர். 1967, 1971 தேர்தல்களில் தி.மு.க.வில் நின்று ஜெயித்தார். 1977, 1980, 1984-ல் அ.தி.மு.க.வில் ஜெயித்தார். எம்.ஜி.ஆர். மந்திரிசபையில் மின்துறையைப் பார்த்தவர். 1991-ல் பா.ம.க. சார்பில் இதே பண்ருட்டியில் ஜெயித்து, சட்டசபையில் அந்தக் கட்சிக்கு ஒரே உறுப்பினராக உட்கார்ந்தார். கட்சி மாறினாலும் ஊர்ப் பெயர் அவரை விடவில்லை. 2011-ல் தே.மு.தி.க. சார்பில் ஆலந்தூரில் ஜெயித்தபோதும் அவர் "பண்ருட்டியார்" தான். மூன்று வேறு கட்சிகளில் நின்று ஒரே தொகுதியில் ஜெயித்தவர் என்றால், நம்ம ஊர்க்காரர்கள் சின்னத்தை மட்டும் பார்த்து ஓட்டுப் போடவில்லை என்று அர்த்தம்.

பிறகு 2001, 2006 இரண்டு தேர்தலிலும் தி. வேல்முருகன் பா.ம.க. சார்பில் ஜெயித்தார். 2011-ல் தே.மு.தி.க.வின் சிவக்கொழுந்து. 2016-ல் அ.தி.மு.க.வின் சத்யா பன்னீர்செல்வம். 2021-ல் தமிழக வாழ்வுரிமைக் கட்சித் தலைவராக இருந்த வேல்முருகன் உதயசூரியன் சின்னத்தில் நின்று மறுபடியும் வந்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். தி.மு.க., அ.தி.மு.க., பா.ம.க., தே.மு.தி.க. நாலு பேருக்குமே பண்ருட்டி வாய்ப்புக் கொடுத்திருக்கிறது.

கோடு மாறிய வருசம்

இப்போது அந்த மனு விசயத்துக்கு வருகிறேன். 1971 ஜனத்தொகைக் கணக்கை வைத்துப் போட்ட தொகுதி எல்லைதான் 1977 தேர்தலிலிருந்து 2006 தேர்தல் வரைக்கும் இருந்தது. அந்தக் காலத்தில் பண்ருட்டிக்குப் பக்கத்தில் நெல்லிக்குப்பம் என்று தனித் தொகுதி. நெய்வேலி என்ற பெயரில் தொகுதி கிடையாது.

நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் தொகுதி மறுவரையறை ஆணையம் வந்தது. 2001 ஜனத்தொகையை வைத்து எல்லையை மாற்றிப் போட்டது. 2008-ல் அது சட்டமாக வந்தது. நெல்லிக்குப்பம் என்ற தொகுதிப் பெயர் மறைந்தது. நெல்லிக்குப்பம் நகரம் பண்ருட்டித் தொகுதியில் சேர்ந்தது. நெய்வேலி நகரியத்தோடு பண்ருட்டி வட்டத்துக் கிராமங்களைச் சேர்த்து நெய்வேலி என்று புதுத் தொகுதி பிறந்தது. அதன் எண் 153. பண்ருட்டியின் எண் 154. கடலூர் மாவட்டத்தில் மொத்தம் ஒன்பது சட்டமன்றத் தொகுதி. அதில் திட்டக்குடி, விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டி, கடலூர், குறிஞ்சிப்பாடி ஆறும் சேர்ந்துதான் கடலூர் எம்.பி. தொகுதி.

இப்போது புரிகிறதா, மூணு பேர் சொன்னதும் எப்படிச் சரி என்று? தாலுகா பண்ருட்டியாக இருக்கும், தொகுதி நெய்வேலியாக இருக்கும். தாலுகா என்பது பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும். ஒன்றியம் என்பது ரோட்டுக்கும் தண்ணிக்கும். தொகுதி என்பது ஓட்டுக்கு. மூன்று கோடும் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருந்தாது.

2011 தேர்தல் நெய்வேலித் தொகுதிக்கு முதல் தேர்தல். சட்டசபைத் தேர்தலில் எனக்கும் அதுதான் முதல் ஓட்டு. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். "எங்க வீட்டுல எல்லாம் இதுக்குத்தான் போடறோம், நீயும் அதுக்கே போடு" என்று வாசலில் சொல்லித்தான் அனுப்பினார்கள். உள்ளே போனால் அட்டை மறைப்புக்குப் பின்னால் நான் ஒருத்திதான். அந்த ஒரு நிமிசம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்தத் தேர்தலில் நெய்வேலியில் அ.தி.மு.க.வின் எம்.பி.எஸ். சிவசுப்பிரமணியன் ஜெயித்தார். 2016, 2021 இரண்டிலும் தி.மு.க.வின் சபா ராஜேந்திரன். இவர் 2006-ல் பழைய நெல்லிக்குப்பம் தொகுதியில் ஜெயித்தவர்.

அந்த வருசக் கடைசியில், 2011 டிசம்பர் 30 அதிகாலை, தானே புயல் அடித்தது. முப்பது நாற்பது வருசத்து முந்திரியும், தாத்தா வைத்த பலா மரமும் ஒரே ராத்திரியில் வேரோடு சாய்ந்தன. புயலுக்கு 153 எது, 154 எது என்று தெரியாது. ஆனால் நிவாரணக் கணக்கு எடுக்கிறபோது மரம் யார் பெயரில் என்றுதான் கேட்டார்கள். பட்டா ஆண்கள் பெயரில். அந்த மரத்தை நம்பிக் கொட்டை உடைக்கிற பெண்ணுக்கு வேலை போனதை எந்தப் பத்தியில் எழுதுவது? கொட்டையின் பால் பட்டு உள்ளங்கை பொத்துப்போன பெண்கள் எங்கள் குழுவில் ஆறு பேர். ஓர் அலுவலகத்தில் போய்ச் சொன்னபோது "இதுக்கெல்லாம் கலம் இல்லம்மா" என்று படிவத்தைக் காட்டினார்கள். படிவத்தில் கலம் போடுவது யார்? அரசாங்கம். அரசாங்கத்தைக் கேள்வி கேட்பது யார்? சட்டசபை. சட்டசபைக்கு ஆள் அனுப்புவது யார்? நாம. அன்றைக்குத்தான் தொகுதி என்பது டீக்கடைப் பேச்சு இல்லை என்று எனக்குத் தோன்றியது.

நம்ம கணக்கு

2021 தேர்தலில் தமிழ்நாடு முழுக்க ஆறேகால் கோடிக்கும் மேல் வாக்காளர்கள். ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 10 லட்சம் பேர் அதிகம். ஆனால் 234 பேரில் ஜெயித்து உள்ளே போன பெண்கள் 12 பேர். 1937-ல் 215-க்கு 8 இடம் ஒதுக்கினார்கள் என்று மேலே சொன்னேன். 84 வருசம் கழித்து 234-க்கு 12. எண்பத்து நாலு வருசத்தில் நாலு பேர்தான் கூடியிருக்கிறோம்.

நம்ம பண்ருட்டிக்கு 2016-ல் ஒரு பெண் போனார். நெய்வேலியில் 2021 வரை நடந்த மூன்று தேர்தலிலும் ஆண்களே. ஊராட்சியைப் பாருங்கள். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கினார்கள். 2016-ல் அதைப் பாதியாக்கிச் சட்டம் வந்தது. எத்தனையோ ஊரில் பெண்கள் தலைவர் ஆனார்கள். முதலில் புருசன்தான் நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதும் உண்மை. பிறகு பல ஊரில் அந்த அம்மாவே உட்கார்ந்து, அவரே கேள்வி கேட்டு, அவரே காசோலையில் கையெழுத்துப் போட்டார் என்பதும் உண்மை. அவர்களில் பலர் நம்ம மாதிரிக் குழுவில் ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ இருந்து பழகினவர்கள்தான். தீர்மானப் புத்தகம் எழுதத் தெரிந்தவளுக்கு ஊராட்சித் தீர்மானம் பெரிய வித்தையா?

2023-ல் சட்டசபையிலும் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று அரசியல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் அது உடனே வராது. அடுத்த ஜனத்தொகைக் கணக்கு எடுத்து, அதை வைத்துத் தொகுதியை மறுபடி பிரித்த பிறகுதான் நடப்புக்கு வரும். அதாவது, 2008-ல் மாறின கோடு இன்னொரு தரம் மாறப்போகிறது.

இன்னொரு எண்ணையும் சொல்கிறேன். 2021-ல் நெய்வேலித் தொகுதியில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் வெறும் 977 ஓட்டு. இரண்டு லட்சத்துக்கும் மேல் வாக்காளர் இருக்கிற தொகுதியில் 977! ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேர் என்று வைத்தால் 82 குழு. நம்ம கூட்டத்துக்கு வேன் வைத்து வருகிற பெண்களின் எண்ணிக்கையில் ஒரு தொகுதி தீர்மானமாகிறது. யாருக்குப் போடணும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயா சொன்ன மாதிரி அது அவரவருக்கும் சாமிக்கும்தான். நம்ம ஓட்டுக்கு எடை உண்டு என்பதைத்தான் சொல்கிறேன்.

குழுக்கள் செய்ய வேண்டியது

முதல் வேலை, பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. ஆண் பிறந்த ஊரிலேயே இருப்பதால் அவன் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கிறது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் ஊர் மாறுகிறது, வீடு மாறுகிறது, நம்ம பக்கத்தில் தொகுதியே மாறிவிடுகிறது. அம்மா ஊரில் நீக்கிவிட்டு, மாமியார் ஊரில் சேர்க்காமல் விட்டால் அவள் எங்கேயும் இல்லை. இடம் மாறினால் படிவம் 8, புதிதாகச் சேர படிவம் 6. வாக்குச்சாவடி அலுவலர், அதாவது பி.எல்.ஓ., நம்ம ஊர் ஆளாகத்தான் இருப்பார். 1950 என்ற எண்ணுக்குப் போன் போட்டும் கேட்கலாம். 18 வயசு ஆன பெண் பிள்ளைகளுக்கு இப்போது வருசத்தில் நாலு தேதி வைத்திருக்கிறார்கள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஒன்றாம் தேதி. அந்தத் தேதியில் 18 நிறைந்தால் சேர்க்கலாம்.

இரண்டாவது, எம்.எல்.ஏ.விடம் எதைக் கேட்பது என்று தெரிந்து கேட்பது. ஒவ்வொரு தொகுதிக்கும் வருசத்துக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. அங்கன்வாடிக் கட்டடம், ரேஷன் கடை, குடிநீர்த் தொட்டி, பஸ் நிழற்குடை எல்லாம் அதில் கேட்கலாம். வாய்மொழியாகக் கேட்டால் காற்றோடு போகும். தீர்மானம் போட்டு, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, நகல் வைத்துக்கொண்டு கேட்கணும். முந்திரி உடைக்கிற பெண்களைப் புயல் நிவாரணப் பட்டியலில் சேர்க்கச் சொல்வது மாதிரி விசயங்களைச் சட்டசபையில் பேசச் சொல்லியும் மனு கொடுக்கலாம்.

மூன்றாவது, தொகுதி மறுவரையறை வரும்போது கண்ணை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது. போன தடவை வரைவுப் பட்டியலைப் பத்திரிகையில் போட்டு, ஆட்சேபம் உண்டா என்று கேட்டு, பொதுவில் கூட்டம் வைத்துத்தான் முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டங்களைப் பற்றி எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கும் யாரும் சொல்லவில்லை. அடுத்த தரம் நம்ம கூட்டமைப்பின் பெயரில் ஒரு மனு போகணும். ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் எந்தப் பக்கம் போகிறோம் என்று நமக்குத்தான் தெரியும். எந்தக் கிராமம் எதோடு சேரணும் என்று சொல்ல நம்மைவிடத் தகுந்தவர் யார்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், குழுவின் பெயருக்குக் கீழே, தொகுதியின் பெயரும் எண்ணும், உறுப்பினர்களின் வாக்காளர் பட்டியல் பாகம் எண்ணும் எழுதி வையுங்கள். எழுதும்போது பட்டியலில் யார் பெயர் இல்லை என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். எங்கள் குழுவில் எழுதிவிட்டோம். பதினாலு பேரில் இரண்டு பேர் பெயர் எங்கேயும் இல்லை. இருவரும் போன இரண்டு வருசத்துக்குள் வாக்கப்பட்டு வந்த மருமகள்கள். இருவருக்கும் படிவம் கொடுத்தாச்சு.